ஒழுகாத ஜீப்

எங்கள் தெருவில் அவருக்கு எக்ஸ்ரே என்று பெயர். வண்டியோ மனுஷனோ, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் விடமாட்டார். "தண்ணி கலக்கலைங்க" என்று பால்காரர் தானாகச் சொன்ன அன்றைக்கே பால்காரரை மாற்றியவர்.

அவருடைய பழைய ஜீப்பும் சந்தேகப்படத் தோதானதுதான். ஸ்டியரிங்கைக் கால் வட்டம் திருப்பிய பிறகுதான் சக்கரத்துக்குச் சேதி போகும். பிரேக்குக்கு இரண்டு மிதி. நாலு சக்கரத்தையும் சேர்த்து இழுக்க வைக்கும் லீவர் இறக்கத்தில் தானாக விடுபடும் என்பதால் அதைக் கயிற்றால் கட்டியிருந்தார். நின்ற இடமெல்லாம் எண்ணெய்க் கறை. ஆனால் மலைமேல் இருக்கும் செல்போன் கோபுரத்துக்குச் சாமான் ஏற்ற அந்தப் பாதையில் வேறு வண்டி போகாது. குடும்பமே அதில்தான் ஓடியது.

முழங்கால் மக்கர் பண்ணி கிளட்ச் மிதிக்க முடியாமல் போனதும் சாவி மருமகனிடம் போனது. நம்பிக்கை போகவில்லை. அவன் திரும்பி வந்ததும் டயரைத் தொட்டுப் பார்ப்பார், பிரேக்கை முகர்ந்து பார்ப்பார். பொறுத்துப் பார்த்த மகள் ஒருநாள் சொல்லிவிட்டாள்.

"அப்பா, அவரை நம்புறதுன்னா நம்புங்க. இல்லேன்னா சொல்லிடுங்க, நாங்க தனியா போயிடறோம்."

ஒரே மகள். அன்று முதல் வாயை மூடிக்கொண்டார், கண்ணை மூடவில்லை.

ஒரு காலை ஜீப்பின் அடியில் கறையே இல்லை.

"கியர்பெட்டி ஆயில் சீல் தேஞ்சிருந்தது, புதுசு மாத்திட்டேன் மாமா. இனிமே ஒழுகாது," என்றான் மருமகன்.

ஒழுகவில்லை என்றால் உள்ளே எண்ணெய் இல்லை என்று பழைய ஜீப்காரர்கள் சொல்வார்கள். எக்ஸ்ரேக்கு அது வேதவாக்கு. பயல் எண்ணெயை வடித்துவிட்டு ஊற்ற மறந்திருப்பான் என்றே முடிவு கட்டினார். அவன் குளிக்கப் போன நேரம் பார்த்து, முழங்கால் கெஞ்சக் கெஞ்ச அடியில் புகுந்தார். கியர்பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி விரலை விட்டார். விளிம்புவரை புது எண்ணெய். சந்தோஷப்பட்டிருக்க வேண்டிய மனுஷனுக்கு ஏமாற்றமாக இருந்தது.

குளியலறைக் கதவு திறந்தது. மூடியைக் கையால் திருகிவிட்டு, ஸ்பானர் போட நேரமில்லாமல் வெளியே வந்தார். பிறகு இறுக்கலாம் என்று நினைத்தார். அதற்குள் சாமான் ஏற்றிவிட்டார்கள். அன்றைக்கென்று மகளும் முன்சீட்டில் ஏறினாள். சொல்ல வாயெடுத்தார். கழற்றியது தெரிந்தால் வீட்டை விட்டே போய்விடுவாளே. கையால் இறுக்கியதே தாங்கும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார்.

மதியம் இருவரும் நடந்து வந்தார்கள். பாதி மலையில் கியர்பெட்டி ஊளையிட்டு இறுகிவிட்டதாம்.

"என் தப்புதான் மாமா," என்று மருமகன் தலையைத் தொங்கப்போட்டான். "மூடி கழண்டு எண்ணெய் பூரா போயிருக்கு. நான் சரியா முடுக்கல போல."

இத்தனை நாள் அவர் கேட்கக் காத்திருந்த சொல் அது. மகள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க சரியாத்தான் முடுக்கியிருக்கீங்க மாப்பிள்ளை," என்றார். "காலையில நான்தான் கழட்டிப் பார்த்தேன்."

யாரும் கத்தவில்லை. மகளும் வீட்டை விட்டுப் போகவில்லை. பெட்டியைச் சரிசெய்து வண்டி மறுபடி ஓடுகிறது.

இப்போதெல்லாம் கிளம்பும் முன் மருமகன் ஸ்பானரோடு அடியில் புகுந்து ஒவ்வொரு மூடியாக இறுக்கிப் பார்க்கிறான். "மாமா, இன்னிக்கு வண்டிகிட்ட போனீங்களா?" என்று மரியாதையாகத்தான் கேட்கிறான்.

"இல்லை மாப்பிள்ளை," என்கிறார். உண்மையில் அவர் போவதில்லை.

அவன் தலையாட்டிவிட்டு, இன்னொரு தடவை அடியில் புகுந்து பார்க்கிறான்.