மண்ணூர் வீட்டில் ஃபேன் போடக் கூடாது

போன கிருத்திகைக்கு வல்லக்கோட்டை முருகனைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், மண்ணூரில் என் அக்கா மகன் தயாளன் வீட்டுக்குள் நுழைந்தேன். மாலை நாலு மணி. மாடி வீடு. ஹால் அடுப்பாகக் கொதித்தது.

உங்களுக்குத்தான் தெரியுமே — வியர்த்தால் எனக்கு முதலில் புத்தி போய்விடும். செருப்பைக் கழற்றினேன், சுவிட்சைத் தட்டினேன்.

"ஐயோ மாமா, ஃபேன் போடாதீங்க!"

தயாளன் சமையலறையிலிருந்து ஓடி வருவதற்குள் டைனிங் டேபிளில் பரப்பி வைத்திருந்த சீட்டுகள் ஹால் முழுக்கப் பறந்துவிட்டன.

நம் ரம்மி சீட்டு இல்லை இது. பூதம், மந்திரவாதி, ரெக்கை முளைத்த மிருகம் என்று படம் போட்ட அட்டைகள். ஆளுக்கு அறுபது. இருபது உயிரோடு ஆட்டம் தொடங்கும். எதிராளியின் உயிரைப் பூஜ்யமாக்கினால் வெற்றி. வெளிநாட்டில் இதையே தொழிலாக ஆடுகிறவர்கள் இருக்கிறார்களாம். பெரிய போட்டியில் அவர்கள் வைத்து ஆடிய அறுபதையும் அப்படியே நகல் அச்சடித்து, ஒவ்வொன்றிலும் ஆட்டக்காரரின் கையெழுத்தைப் போட்டு, பெட்டியாக விற்கிறார்கள். பின்பக்கம் மட்டும் வேறு டிசைன். அதனால் போட்டியில் செல்லாது.

"செல்லாத சீட்டை வாங்கி என்னடா பண்றது?"

"எங்க ஃபேக்டரி லைன்ல மாஸ்டர் பீஸ்னு ஒண்ணு வெச்சிருப்பாங்க மாமா. விக்கிறதுக்கு இல்ல, செஞ்ச பாகத்தைப் பக்கத்துல வெச்சு ஒத்துப் பாக்கறதுக்கு. அந்த மாதிரிதான் இது" என்றான், முட்டி போட்டுப் பொறுக்கிக்கொண்டே.

அவனிடம் இரண்டு பெட்டி இருக்கிறது. ஒரே இறுதி ஆட்டத்தில் மோதிய இருவருடையது. தோற்றவர் பெட்டி இவனுக்கு. ஜெயித்தவர் பெட்டி மனைவி மோகனாவுக்கு. கேட்டு வாங்கிக்கொண்டாளாம்!

சரி... மோகனா எங்கே? ஷிப்டுக்குப் போய்விட்டாள். இவன் ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் ஃபேக்டரி. அவள் ஸ்ரீபெரும்புதூரில் போன் ஃபேக்டரி, இன்ஸ்பெக்‌ஷன். இவன் கம்பெனி பஸ்ஸில் இறங்கும்போது அவள் பஸ் ஏறியிருப்பாள். வாராவாரம் ஷிப்ட் மாறும் — மாறினாலும் சேராது. ஞாயிறு? ஓ.டி. இல்லையென்றால் தூக்கம்.

"அப்போ எப்படிடா விளையாடறீங்க?"

ஒரு மஞ்சள் நோட்டைக் காட்டினான். ஃபேக்டரியில் ஒரு ஷிப்ட் அடுத்த ஷிப்டுக்கு எழுதி வைக்குமே, ஹேண்டோவர் நோட்டு... அதேதான். ஆளுக்கு ஒரு முறை ஆடிவிட்டு எழுதி வைக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் மோகனாவின் குண்டு எழுத்து: 'உன் உயிர் மூணு. மாவு புளிச்சிடுச்சி, தோசையா ஊத்திக்கோ.'

இந்த ஆட்டத்தையா நான் ஃபேன் போட்டுக் கலைத்தேன்?

டேபிளை நோட்டைப் பார்த்தே பழையபடி அடுக்கிவிட்டான். சிக்கல் வேறு. மோகனாவின் கையிருப்பு நாலு அட்டை, கவிழ்த்து வைத்தது. அதன்மேல் எப்போதும் ஒரு எவர்சில்வர் டம்ளர் இருக்குமாம். என் தலையைப் பார்த்ததும் அதை எடுத்துக்கொண்டுதான் எனக்கு டீ போடச் சமையலறைக்குப் போயிருக்கிறான்! நாலும் என் காலடியில் மல்லாந்து கிடந்தன. அதில் ஒன்று சிவப்பு டிராகன்.

தயாளன் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

அறுபதில் டிராகன் ஒன்றே ஒன்று. டேபிளில் விழுந்தால் எதிராளிக்கு அஞ்சு உயிர் போகும். இவனிடம் இருப்பது மூன்று. இதே சீட்டுகளை வைத்து ஜெயித்த அந்த சாம்பியன், டிராகன் கைக்கு வந்த நிமிஷமே போட்டு ஆட்டத்தை முடித்தாராம்.

"இவ ஏன் மாமா போடல?"

"கவனிச்சிருக்க மாட்டா..."

"அவளா? ஸ்கிரீன்ல முடி கனம் கீறல் இருந்தாலே புடிச்சிடுவா மாமா!"

"சரி விடு. கவுத்து வெச்சுட்டு டம்ளரை மேல வை. யாருக்குத் தெரியப் போகுது?" என்றேன். வயசுக்கேற்ற யோசனையா அது?

அவன் மாட்டேன் என்று தலையாட்டினான். "பாத்ததைப் பாக்கலன்னு எழுத முடியாது மாமா. ஃபேக்டரி உள்ள போன் விடமாட்டாங்க, அவகூட நான் பேசறதே இந்த நோட்டுலதான். இதுலயும் பொய்யா?"

பேனாவை எடுத்தான். 'மாமா ஃபேன் போட்டுட்டாரு. உன் கையைப் பாத்துட்டேன். ஸாரி. ஆட்டம் உனக்குத்தான். அந்த டிராகன் எத்தினி நாளா கீது? ஏன் போடல?'

குற்றவாளி என்ற முறையில் நானும் கீழே ஒரு கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் மாலை நோட்டின் போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். மோகனாவின் பதில்:

'பன்னெண்டு நாளா கீது. போட்டா ஆட்டம் முடிஞ்சிடும். அப்புறம் நீ சாம்பார் எங்க கீதுன்னு மட்டும்தான் எழுதுவ. ஒழுங்கா உன் அட்டையை எடுத்து ஆடு.'

ஆடிக்கொண்டிருக்கிறார்கள். மூன்று உயிரோடு தயாளன் சௌக்கியம்.

அடுத்த கிருத்திகைக்கும் அந்த வீட்டுக்குப் போவேன்... ஃபேன் போட மாட்டேன், விசிறியும் கொண்டுபோக மாட்டேன், உட்கார்ந்து வியர்ப்பேன்.