தம்பியார் பக்கத்தில் போட்ட இலை

தம்பியார் எனக்கு இளையவர். இடுப்பில் தூக்கித் திரிந்து, கைதவறிக் கீழேயும் போட்டவரை ‘அவர்’ என்று எழுத எனக்குச் சிரிப்பு வருகிறது. நினைவு மலருக்கு அதுதான் மரியாதை என்கிறான் மகன். நான் சொல்லச் சொல்ல எழுதுபவனும் அவன்தான். மூன்றாம் வகுப்போடு நானும் பள்ளிக்கூடமும் ஒருவரையொருவர் கைவிட்டோம். சரி, ‘அவர்’ என்றே போடுவோம். இந்த நேரத்தில் தம்பியாரோடு கோபிக்க எனக்குத் துணிவில்லை. ஏன் என்று வாசித்தால் தெரியும்.

பருத்தித்துறைக்குக் கிட்டப் பிறந்தார். கடலுக்குப் போன அப்பா திரும்பாததால், மீசை முளைக்குமுன்பே அரசாங்கப் பட்டாளத்தில் சமையல் வேலைக்குப் போனார். சுடுகிற துவக்கைத் தொட்டதில்லை, அகப்பையைத்தான் தொட்டார். ஆனாலும் உடுப்புக் கொடுத்தார்கள், அதோடு ஒரு படமும் எடுத்தார்கள். நாட்டில் சண்டை தொடங்கியபோது பட்டாளத்தார் அவரைத் தமிழன் என்று அடித்தார்கள். ஊர்ப் பொடியன்கள் பட்டாளத்தான் என்று அடித்தார்கள். அடி வாங்க முதுகு ஒன்றுதான். அன்றிலிருந்து இடது காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தார். மனைவியை இழந்தவர், பிள்ளையும் இல்லை. எண்பத்து நாலாம் ஆண்டில் எங்களோடு டென்மார்க்குக்கு வந்துவிட்டார்.

இக்காஸ்ட் என்ற ஊரில் எங்கள் வீடு சின்னது. அடுத்த தெருவில், தனியாக இருந்த ஒரு வயதான டெனிஷ் அம்மாவின் மேல்மாடி அறையில் தம்பியார் குடியிருந்தார். அங்கே சுவரில் ஒரு படம் கறுப்புத் துணியால் மூடியிருந்தது. துணியை எடுத்துப் பார்த்தார். சாம்பல் நிறப் பட்டாள உடுப்பில் ஒரு கறுப்பின இளைஞன், மடியில் துவக்கு. சட்டம் போட்டு உயரத் தொங்குகிறவர் அந்த வீட்டில் செத்தவர் என்பதுதானே எங்களுக்குத் தெரிந்தது! குடும்பத்து மூத்தவராக்கும் என்று எண்ணி, தம்பியார் விளக்கேற்றினார். காலையில் முதல் கோப்பைத் தேநீரையும் அவருக்கே வைத்தார்.

சில நாளில் அந்த அம்மா மேலே வந்து விளக்கைக் கண்டு, கதிரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எங்களையும் கூப்பிட்டார். பேச்சு விழப்போகிறது என்று பயந்து போனேன். அவர் சொன்னதை மகன் தமிழில் சொன்னான்.

“நான் குழந்தையாக இருந்த காலம் தொட்டு இந்த அறையில் யாரோ நடப்பது கேட்கும். பட்டப்பகலிலும் கேட்கும். நீங்கள் விளக்கு வைத்த பிறகு கேட்கவில்லை.”

அமெரிக்காவில் வடக்கும் தெற்கும் அடிபட்ட காலத்தில், அங்கே குடியேறிப் பின்னர் ஊர் திரும்பிய அவருடைய தாத்தா தெற்குப் பக்கம் நின்றவராம். அடிமைகளை விடமாட்டோம் என்ற பக்கம். படத்தில் இருப்பவர் தாத்தாவுக்குச் சமைத்துப் போட்ட அடிமை. உடுப்பும் துவக்கும் படம் எடுக்கக் கொடுத்தவை. “என் மீதுள்ள அன்பால் தானாகவே சண்டைக்கு வந்தவன்” என்று தாத்தா ஊரெல்லாம் சொல்வாராம். “வரமாட்டேன் என்று அவர் சொல்லியிருக்க முடியுமா?” என்று இந்த அம்மா சிறுமியாய் இருந்தபோது கேட்டாராம். தாத்தா எழுந்து போய்ப் படத்தைத் துணியால் மூடினாராம். படத்தில் இருந்த ஆள் அந்தச் சண்டையிலேயே செத்துப்போனார். அவருடைய பெயர் யாருக்கும் தெரியாது.

தம்பியார் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அக்கா, இவரும் என்னைப்போலக் குசினியிலை சமைச்சவராம்.”

“அதுதான் உன்ர தேத்தண்ணியைக் குறை சொல்லாமல் குடிக்கிறார்.”

அவர் சிரிக்கவில்லை. “நான் செத்தால், எனக்குப் படைக்கேக்கை இவருக்கும் ஒரு இலை போடு. வாறியோ எண்டு இவரை ஒருத்தரும் கேக்கேல்லை அக்கா. என்னையும்தான்.”

அடுத்த குளிருக்கு நெஞ்சில் சளி கட்டி, ஆசுப்பத்திரியில் என் கையைப் பிடித்தபடி போய்விட்டார்.

எட்டாம் நாள் படைக்கிற எட்டுச் செலவுக்கு முதல்நாள் அந்த அம்மா தொலைபேசியில் கூப்பிட்டார். “திரும்பவும் நடை கேட்கிறது. இப்போது இரண்டு பேர்.”

போனேன். நண்பகல், வெளியே ஒரே பனிப்புகார். படியடியில் நின்று கேட்டேன். ஒன்று யாரென்று தெரியாத நடை. மற்றது காலை இழுக்கிற நடை.

“டேய், ஏன்ரா அங்கை உலாத்துறாய்?” என்று கத்தினேன். இரண்டு நடையும் நின்றன. பிறகு மெல்லத் தொடங்கின.

படையலை அந்த அறையிலேயே வைத்தோம். இங்குள்ள எங்கள் ஆட்களுக்குப் பெரியப்பாவின் மகன், எங்கள் அண்ணை, சொன்னால் சொன்னதுதான்.

“இவன் போட்ட உடுப்பு ஆரின்ர உடுப்பெண்டு தெரியுமோ?” என்றார்.

“தெரியும் அண்ணை. தோய்ச்சு மடிச்சதே நான்தானே.”

“சரி, சொந்தம் எண்டபடியால் ஒரு இலை. அடிமையாக்கினவங்களுக்காகப் போன உந்த ஆளுக்கும் படைச்சால், நாங்கள் எல்லாரும் எழும்பிப் போவம்.”

தம்பியாருக்குக் கடைசியாகச் செய்ய இருந்தது அது ஒன்றுதான். அதையும் விட்டால் அந்தக் கால் ஓயாது. ஆனால் எல்லோரும் எழும்பிப் போனால் தம்பியாரின் படையலும் ஆளில்லாப் படையல் ஆகும். இக்காஸ்டில் வாழையிலை ஏது? கடதாசித் தட்டுத்தான் எங்கள் இலை. தம்பியாரின் தட்டில் சோறு, கறி, வடை எல்லாம் வைத்தேன். பக்கத்தில் ஒரு வெறும் தட்டையும் வைத்தேன்.

“அது என்ன?”

“வெறுந்தட்டு அண்ணை. ஒண்டும் போடேல்லைத்தானே?”

செத்தவர் வந்து உண்ணட்டும் என்று வழக்கப்படி கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் படியில் நின்றோம். உள்ளே நடை கேட்டது. நான் மட்டும் கேட்டிருந்தால் கிழவியின் காது என்பீர்கள். அண்ணை என் தோளைப் பிடித்த பிடி இன்னும் நோகிறது. பிறகு ஒரு சத்தமும் இல்லை.

கதவைத் திறந்தோம். தம்பியாரின் தட்டில் வடை பாதியாக இருந்தது. மற்றப் பாதி வெறுந்தட்டில் இருந்தது. பக்கத்தில் ஒரு பிடி சோறு, கையால் அள்ளி வைத்த மாதிரி.

அண்ணை குனிந்து அகப்பையை எடுத்து, அந்தத் தட்டில் தன் கையாலேயே சோறு போட்டார்.

“இவரின்ர பேர் என்ன?”

“ஒருத்தரும் கேட்டு வைக்கேல்லை அண்ணை.”

“அப்ப தம்பி எண்டே சொல்லுவம்,” என்றார். இரண்டு தட்டையும் பார்த்துக் கும்பிட்டார். “தம்பியவை, சாப்பிடுங்கோ.”

அன்று வந்து நின்றவர்களுக்கும், சமைத்தவர்களுக்கும், பெட்டி தூக்கிய பிள்ளைகளுக்கும், அகப்பை பிடித்த அண்ணைக்கும் எங்கள் நன்றி. இப்போது காலையில் இரண்டு கோப்பை வைக்கும் டெனிஷ் அம்மாவுக்கும் நன்றி. வீடு அமைதியாக இருக்கிறதாம். வடையைப் பிய்த்தது நான்தான் என்று கதைக்கிறவர்களுக்கும் நன்றி. நான் உங்களோடு படியில்தான் நின்றேன். நம்பாதவர்கள் ஒரு நாளைக்குத் தேநீர் வைக்காமல் அந்த அறையில் இருந்து பாருங்கள். தம்பிமார் இரண்டு பேரும் வந்து வாசலில் நின்று, ‘வாறியோ?’ என்று கேட்டுக் கூப்பிடுவார்கள்.