நிமிர்ந்து நின்ற மரமல்லி

ஐயம்பேட்டைச் சின்னப்பையனுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. பெயரைக் கேட்டு யாராவது சிரித்தால் அவரும் சேர்ந்து சிரிப்பார். கல்யாணமான புதிதிலிருந்து அவருடைய தறியில் அதிகம் இறங்கியது ஒரே முந்தானைதான். நீளக் காம்புள்ள வெள்ளைப் பூக்கள் அதில் கொத்துக் கொத்தாக நிமிர்ந்து நிற்கும். கடைக்காரர்கள் அதற்குச் ‘சின்னப்பையன் பூ’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வேலை இல்லாமல் தெருவில் பாதித் தறிகள் சும்மா கிடந்த மாதங்களிலும் அந்தப் பூவைக் கேட்டு யாராவது வந்தார்கள். அவருடைய இரண்டு பெண்களும் அந்தப் பூவால்தான் படித்தார்கள்.

அந்தப் பூவை வரைந்தவர் சபாபதி. பெரிய காஞ்சிபுரத்தில் இருந்த ஓவியர். சேலைகளுக்கு டிசைன் போட்டுக் கொடுத்தவர். சின்னப்பையன் அவரைப் பார்த்ததே இல்லை. படம் முதலாளியிடம் போகும். அதைப் பார்த்து, எந்த இழை எழும்ப வேண்டும் என்று அட்டைகளில் ஓட்டை போடுவார்கள். அட்டைகள்தான் தறிக்கு வரும். சபாபதி இறந்த செய்தியும் அப்படியே கைமாறித்தான் வந்தது.

இந்தக் கார்த்திகையில் சபாபதியின் மனைவி காமாட்சியம்மாள், அவர் வாழ்ந்த பழைய வீட்டையும் தோட்டத்தையும் எல்லோரும் பார்க்கத் திறந்துவிட்டார். அவர் படத்தை வைத்து நெய்த சேலை கொடுத்தால் படத்தின் பக்கத்திலேயே மாட்டுவதாகவும் சொல்லி அனுப்பினார். சின்னப்பையன் அதற்கென்றே ஒன்றை நெய்தார். அந்த மனிதருக்கு நன்றி சொல்ல அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

மனைவி அங்கம்மாளோடு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். கூடத்தில் நுழைந்ததுமே சபாபதி வரைந்த அந்தப் படம் கண்ணில் பட்டது. அதில் பூக்கள் எல்லாம் கீழ்நோக்கித் தொங்கின. ஜன்னலுக்கு வெளியே தோட்டத்தில் ஒரு பெரிய மரமல்லி. அதிலும் பூக்கள் அப்படியேதான் தொங்கின. அடியில் மண் தெரியாமல் உதிர்ந்து கிடந்தன.

அட்டைகளை வரிசையாகக் கயிற்றில் கோத்துத் தறிமேல் மாட்ட வேண்டும். கடைசி அட்டை முதலில் போனால் படம் தலைகீழாக இறங்கும். முதன்முதலில் கோத்த அன்றைக்கே அவர் மாற்றி மாட்டியிருக்கிறார்.

“வா, பூடலாம்,” என்றார், சேலை இருந்த பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு.

“இன்னாத்துக்கு? இப்பதான வந்தோம்,” என்றார் அங்கம்மாள்.

“பூ தலகீழா இருக்குது.”

“எது, அவரு போட்டதா?”

“நான் நெய்ஞ்சது.”

அங்கம்மாள் படத்தைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “இத்தினி வருசமா தலகீழாவா நெய்ஞ்சிக்கினு இருந்த? ஊரே கட்டிக்கினு திரியுதேயா.”

“மெதுவா பேசு. அந்தம்மா வர்றாங்க.”

அதற்குள் அங்கம்மாள் பையைப் பிடுங்கிக் காமாட்சியம்மாளிடம் நீட்டிவிட்டார். அவர் முந்தானையை மேசைமேல் விரித்தார்.

“அம்மா, அட்டைய மாத்தி மாட்டிட்டேன். இப்பதான் தெரியுது,” என்றார் சின்னப்பையன். “இத இங்க போடாதீங்க. அய்யா பேரு கெட்டுடும்.”

காமாட்சியம்மாள் பூக்களை விரலால் தடவினார்.

“ஏன் எல்லாம் விழுற மாதிரியே வரையறீங்கன்னு நான் கேப்பேன். மரம் அப்பிடித்தான் குடுக்குதுன்னுவாரு. வுழுந்தத தெனமும் பெருக்கறவ நானுதான? எழுந்து நிக்கற மரமல்லிய இன்னிக்குத்தான் பாக்கறேன். நல்லாத்தான் இருக்குது. மாட்டுவோம்பா.”

“படத்துக்கும் இதுக்கும் ஒத்து வரலியேன்னு வர்றவங்க கேப்பாங்கம்மா.”

“அந்தக் கம்பு மேல போடுங்க,” என்றார் அங்கம்மாள். தோட்டத்து வாசலுக்கு முன்னால் உத்தரத்திலிருந்து ஒரு மூங்கில் தொங்கியது. “முந்தானைய முன்னால பாதி வுடுங்க, பின்னால பாதி வுடுங்க.”

போட்டார்கள். முன்பக்கம் பூக்கள் நிமிர்ந்து நின்றன. சின்னப்பையன் சுற்றிப்போய்ப் பின்பக்கம் பார்த்தார். அங்கே அவர் நெய்த அதே பூக்கள், சபாபதி வரைந்தது போலவே தொங்கின.

“அந்தாண்ட அய்யா பூ, இந்தாண்ட எங்க வூட்டுக்காரரு பூ,” என்றார் அங்கம்மாள்.

சின்னப்பையன் கூடத்துச் சுவரில் இருந்த சபாபதியின் போட்டோவுக்கு முன் வந்து கைகூப்பினார். ஆட்டோவில் வரும்போது நிறையச் சொல்ல நினைத்திருந்தார். “சோறு போட்டீங்கய்யா,” என்பது மட்டும்தான் வாயில் வந்தது, அதுவும் முணுமுணுப்பாக.

“சத்தமா சொல்லுப்பா,” என்றார் காமாட்சியம்மாள். “அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்.”

சின்னப்பையன் தொண்டையைச் செருமிக்கொண்டு, கூடத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி மறுபடி சொன்னார்.