புன்னைப் பூக் கோலம்

யுத்தத்தில் குண்டு விழும் என்று பட்டணத்தைக் காலி செய்து போனவர்கள் திரும்பி வந்த பிறகு வந்த முதல் பங்குனி அது. தேர் வரும் காலையில் மாட வீதியில் அவரவர் வாசலில் அவரவர் கோலம் போடுவதுதான் வழக்கம். இந்தத் தடவை எங்கள் வரிசைப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே கோலமாகப் போடலாம் என்று சொன்னது நான். கோயிலில் புன்னை பூத்துக் கொட்டிக்கொண்டிருந்தது. நாலு வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் கொத்து. அதையே கொடியாக இழுத்துப் பெரிய காகிதத்தில் வரைந்தேன். அரிசி கிடைப்பதே கஷ்டமான நாளில், மாவுக்கு ஆளுக்கு ஒரு பிடி தர எல்லோரும் சம்மதித்தார்கள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்தத் தெருவில் நான் சொல்லி நடக்கவிருந்த முதல் காரியம்.

தேருக்கு முதல் நாள் மத்தியானம், என் கைக்குழந்தையின் வயிற்றில் சிவப்பாகச் சில பொரிகள். மாமியாரிடம் சொல்லப் பயந்து பக்கத்து வீட்டுத் தோழியைக் கூப்பிட்டேன். இரண்டு பெற்றவள்.

"அசடே, வேர்க்குருதாண்டி இது. சந்தனத்தை இழைச்சுப் பூசு. யார்கிட்டயும் மூச்சு விடாதே, அம்மைன்னு ஊரைக் கூட்டிடுவா" என்றாள்.

குழந்தை கோலக் காகிதத்தின் மேல் உருண்டுகொண்டிருந்தது. அவளே அதைத் தூக்கி என் இடுப்பில் வைத்துவிட்டுக் காகிதத்தைச் சுருட்டினாள். "எங்காத்துல ஒருதரம் போட்டுப் பார்த்துக்கறேன்."

சாயங்காலம் மாமியார் வேப்பிலைக் கொத்தோடு வந்தார். "குழந்தைக்கு அம்மை போட்டிருக்காமே? தெருவுக்கே தெரிஞ்சிருக்கு, என்கிட்ட சொல்லத் தோணலையா நோக்கு?"

"வேர்க்குருதாம்மா. பக்கத்தாத்துல பார்த்துட்டுச் சொன்னா."

"அவதாண்டி குளத்தங்கரையில நின்னுண்டு சொல்லிண்டிருக்கா, யாரும் நம்மாத்து வாசப்பக்கம் போகாதீங்கோன்னு!"

வாசல் நிலையில் வேப்பிலை ஏறியது. அம்மை கண்ட வீட்டில் கோலம் கிடையாது. அங்கிருந்து ஒரு துரும்பும் வெளியே போகக் கூடாது. நான் படியைத் தாண்டவில்லை. அவளுக்கும் குழந்தைகள் உண்டே, வீட்டுக்குப் போனதும் பயம் வந்திருக்கும், நானாக இருந்தாலும் சொல்லியிருப்பேனோ என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

காலையில் குழந்தையின் வயிறு வழவழவென்று இருந்தது. ஜன்னலில் நின்று பார்த்தேன். என் கொடி வீதி நெடுக ஓடி, எங்கள் வாசலை மட்டும் விட்டுவிட்டு அப்பால் தொடர்ந்தது.

"கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்கேடி! யார் வரைஞ்சது?" என்றாள் எதிர் வீட்டு மாமி.

"ஏதோ மனசுல தோணித்து மாமி, கிறுக்கினேன்" என்றாள் என் தோழி.

அவள் வாசற்படியில் என் காகிதம் விரிந்து கிடந்தது. காற்றில் பறக்காமலிருக்க, அதன்மேல் தன் சின்னக் குழந்தையை உட்கார்த்தி வைத்திருந்தாள்.

அந்தக் காகிதம் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று ஜன்னலிலிருந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். குடம் குடமாகத் தண்ணீர் கொட்டிக் கோலத்தைக் கழுவிவிடுவார்கள். மாவு இன்னும் காயவில்லை. தேர் வந்து அதன்மேல் ஏறிப் போகும்வரை ஒவ்வொரு பூவாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.