இரட்டையருக்கு இரண்டு அட்டை

காலிரோ சந்தையில் காகோயாவின் மருந்துக்கடையை ஒட்டித்தான் என் தையல் மிஷின். பதினாறு வருடமாக அவள் வாய்க்குப் பயந்தவன் நான். நாலு மாத்திரை மட்டும் வெட்டிக் கொடு என்று வருபவர்களை, "மிச்சக் காய்ச்சலுக்கு என்ன பண்ணுவ?" என்று கேட்டு மானத்தை வாங்கிவிடுவாள். நாலோங்கோ வாங்கிப்போன ஒரு அட்டைக்குப் பிறகு அந்தச் சத்தம் அடங்கிவிட்டது.

நாலோங்கோ என்றால் இரட்டையைப் பெற்றவள். எங்கள் ஊரில் அதுவே அவள் பெயர். அப்போது மலேரியா மாத்திரை அட்டை எட்டாயிரம் ஷில்லிங். ஆட்டுக்குட்டியை விற்று ஒன்று வாங்கினாள். காய்ச்சல் இரட்டையில் மூத்தவன், நாலு வயது வைஸ்வாவுக்கு மட்டும்தான். வேளைக்கு இரண்டு மாத்திரை வீதம் மூன்று நாளைக்கு என்று காகோயா விரல் மடக்கிச் சொல்லியனுப்பினாள்.

எங்கள் பக்கம் இரட்டையரில் ஒருவனுக்குக் கொடுப்பதை மற்றவனுக்கும் கொடுத்தாக வேண்டும், சட்டையானாலும் வாழைப்பழமானாலும். குறை வைத்தால் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயம். நாலோங்கோ வேளைக்கு ஆளுக்கு ஒன்றாகப் பங்கு போட்டாள். காய்ச்சல் தணிவதுபோல் தணிந்து திரும்பி வந்தது. ஐந்தாம் நாள் வைஸ்வா பறந்துவிட்டான். இரட்டையர் செத்தார்கள் என்று நாங்கள் சொல்வதில்லை.

"இரட்டைக்காரின்னு எனக்குத் தெரியும்ல. நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல" என்று காகோயா என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! கடை பெஞ்சில் யாரோ உட்கார்ந்திருப்பதாகச் சொல்வாள். திரும்பிப் பார்த்தால் காலியாக இருக்கும். அதில் உட்கார எனக்கும் பிடிக்காமல் போயிற்று.

இரண்டு மாதம் கழித்து அதே மாத்திரை பச்சை இலை அச்சடித்த அட்டையில் வந்தது. விலையில் பெரும்பங்கை வெளிநாட்டில் யாரோ கட்டிவிடுகிறார்களாம். எங்களுக்கு ஆயிரத்து இருநூறுதான். ஊர் சந்தோஷப்பட்டது. எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இரண்டு மாதம் முந்திச் செய்திருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்?

மழைக்காலத்தில் நாலோங்கோ இளையவன் தென்யாவை இடுப்பில் தூக்கி வந்தாள். அவன் உடம்பு கொதித்தது. இரண்டு அட்டை கேட்டாள்.

"இவனுக்கு ஒண்ணு போதுமே" என்றாள் காகோயா, குரல் எழும்பாமல்.

"இப்ப ரெண்டு வாங்க முடியுதுல்ல. அண்ணன்காரன் பங்கை அவனுக்குக் குடு."

முதல் வேளையைக் கடையிலேயே விழுங்க வைப்பது காகோயாவின் புது வழக்கம். பெஞ்சில் உட்கார்ந்த தென்யா வாயைத் திறக்கவில்லை; பக்கத்தில் இருந்த காலி இடத்தையே பார்த்தான். காகோயா இரண்டாவது அட்டையைப் பிரித்து, அந்த இடத்தில் இரண்டு மாத்திரைகளை வைத்தாள். பிறகுதான் அவன் விழுங்கினான்.

சாயங்காலம் கடையைப் பெருக்கியபோதும் அந்த இரண்டு மாத்திரையும் அங்கேயே இருந்தன. காகோயா பெஞ்சைச் சுற்றிப் பெருக்கிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.