சனிக்கிழமை ஓடிய மோட்டார்

"தம்பி, மோட்டார் தானா ஓடுது! நான் ஓடவிடல. போன்ல நிறுத்துனாலும் மறுபடி ஓடுது. நாத்தங்கால்ல தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு, சீக்கிரம் வா!"

செல்வமேரி அக்கா போனில் இப்படிக் கத்தியபோது நான் காரைக்கால் பஸ் ஸ்டாண்டு அருகே இரண்டாவது தோசையில் இருந்தேன். அதை அப்படியே விட்டுவிட்டு வண்டியை எடுத்தேன்.

வயல் மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் மாட்டும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். வேலை சின்னதுதான். மோட்டார் கொட்டகையில் ஸ்டார்ட்டர் பக்கத்தில் ஒரு பாக்ஸ் மாட்டுவோம். அதற்குள் ஒரு சிம். வீட்டிலிருந்து அந்த நம்பருக்கு ரிங் கொடுத்தால் பாக்ஸ் காலை கட் பண்ணிவிட்டு மோட்டாரை ஓடவிடும். இன்னொரு ரிங் கொடுத்தால் நிறுத்தும். அவ்வளவுதான்.

1. நான் வந்த வழி

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதற்குப் பிறகு திருப்பூரில் பனியன் மடித்தேன், கொல்லத்தில் பரோட்டா போட்டேன், பெங்களூரில் செல்போன் கடையில் டிஸ்ப்ளே மாற்றினேன். பெங்களூரில் முதல் மாதம் கடைக்குள்ளேயே படுக்கை. ஷட்டரை வெளியே பூட்டிக்கொண்டு போவார்கள், விடிந்ததும் திறப்பார்கள். எந்த ஊரிலும் இரண்டு வருஷம் தாண்டியதில்லை. காரைக்காலுக்கு வந்தது ஒரு நண்பன் கல்யாணத்துக்கு. மொய் எழுதிவிட்டுக் கிளம்ப வேண்டியவன், ஸ்டார்ட்டர் கடை முதலாளியிடம் பேச்சுக் கொடுத்து இங்கேயே நின்றுவிட்டேன். "சிம் போடத் தெரியும்ல? வயர் இழுக்கத் தெரியும்ல? அப்பறம் என்ன, வா" என்றார். அதுதான் என் இன்டர்வியூ.

செல்வமேரி அக்காவின் வயல் திருநள்ளாற்றுக்குக் கிழக்கே இருக்கிறது. கணவர் இறந்த பிறகு அவரே விவசாயம் பார்த்தார். போன வருஷம் ஸ்கூட்டியிலிருந்து விழுந்து தொடையில் கம்பி வைத்திருக்கிறார்கள். ரோட்டிலிருந்து மோட்டார் கொட்டகைக்கு நாலு வயல் தாண்டி வரப்பில் நடக்க வேண்டும். அவரால் முடியாது. கொழுந்தனார் அந்தோணி நிலத்தைத் தன்னிடம் விடச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தார். அக்கா ஒரே ஒரு பேச்சுப் பேசியிருந்தார்: "இந்த நாத்து ஒழுங்கா எழும்பலன்னா நீயே பாத்துக்க. எழும்பிச்சுன்னா இனிமே இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

அந்த நாற்று முழுக்க என் பாக்ஸை நம்பி இருந்தது.

2. ரிலே மாற்றியது

முந்தின சனிக்கிழமையே ஒரு தடவை மோட்டார் தானாக ஓடியிருந்தது. விதைக்கவில்லை என்பதால் சேதம் இல்லை. நான் போய்ப் பார்த்துவிட்டுப் பெரிய டாக்டர் மாதிரி, "ரிலே ஒட்டிக்கிச்சுக்கா" என்று சொல்லி, பாக்ஸுக்குள் மோட்டாரை ஓடவிட்டு நிறுத்தும் அந்தச் சின்ன சுவிட்சைப் புதிதாகப் போட்டேன். அக்கா நம்பினார். நானும் நம்பினேன்.

இந்த வெள்ளிக்கிழமை முளைகட்டிய விதையைத் தெளித்தார்கள். சனிக்கிழமை காலையில் தண்ணீரை வடித்துவிட்டார்கள். வேர் பிடிக்கும்வரை நாற்றங்காலில் தண்ணீர் நிற்கக் கூடாது. நின்றால் விதை மிதந்து ஒரு மூலையில் ஒதுங்கி அழுகிவிடும்.

நான் போனபோது நாற்றங்காலில் கணுக்கால் தண்ணீர். விதைகள் தெற்கு மூலைக்கு ஊர்வலம் போய்க்கொண்டிருந்தன. அக்கா ரோட்டோரம் பிளாஸ்டிக் நாற்காலியில், ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தோணி வரப்பில் நின்றார். முகத்தில் தீபாவளி.

"போன்ல பயிர் பண்ணா இப்புடித்தான் அண்ணி. சனிக்கிழமையானா ஓடுது பாருங்க, சனீஸ்வரன் வேலை."

"நான் ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போறவ. எனக்கும் அவருக்கும் என்னடா வழக்கு?" என்றார் அக்கா.

ஓடிப் போய் மெயினை இறக்கினேன். மண்வெட்டியால் மடையை வெட்டிவிட்டேன். தண்ணீர் வடியத் தொடங்கியது. திரும்பிப் பார்த்தால் பாக்ஸில் பச்சை விளக்கு மினுங்குகிறது. உள்ளே பேட்டரி இருப்பதால் மெயின் இல்லாவிட்டாலும் சிம் உயிரோடு இருக்கும். பச்சை மினுங்கினால் கால் வருகிறது என்று அர்த்தம். அக்கா கையில் போனே இல்லை. அப்புறம் யார்?

சிம்மைக் கழற்றி என் போனில் போட்டுக்கொண்டு அக்காவிடம் வந்தேன். வந்து நிற்பதற்குள் மணி அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஹலோ, லாட்ஜுங்களா? ஈரோட்டுல இருந்து பேசறோமுங்க. நாலு பெரியவங்க, ரெண்டு கொழந்தைங்க. ஏசி ரூம் இருக்குங்களா?"

"இது மோட்டாருங்க."

"மோட்டார் பக்கத்து ரூமுங்களா? வேண்டாமுங்க, சத்தமா இருக்கும். வேற இருந்தா சொல்லுங்க."

அடுத்த கால் உடனே வந்தது. இந்தக் குரல் கோபமாக இருந்தது. "காலையிலேருந்து மூணு வாட்டி பண்ணிட்டேன். கட் பண்ணிக்கிட்டே இருக்கீங்க. சாமி ஊர்ல இப்படியா நடந்துக்குவாங்க?"

"இன்னும் ஒரு வாட்டி பண்ணியிருந்தா நின்னிருக்குமே சார்!" என்று கத்திவிட்டேன்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ரொம்ப நாள் பயன்படாத நம்பரைக் கம்பெனி வேறு ஆளுக்குக் கொடுத்துவிடும். இந்த நம்பர் ஒரு காலத்தில் திருநள்ளாற்றில் ஏதோ லாட்ஜின் நம்பர். இணையத்தில் எங்கோ இன்னும் கிடக்கிறது. சனிக்கிழமை தரிசனத்துக்கு வருகிறவர்கள் ரூமுக்குக் கூப்பிட, மோட்டார் ஓடியிருக்கிறது. அவசரக்கார பக்தர் இரண்டாம் முறை கூப்பிட்டு நிறுத்தியிருக்கிறார். பொறுமைசாலி பக்தர் ஒரே ரிங்கோடு விட்டுவிட்டு அக்காவின் நாற்றை மூழ்கடித்திருக்கிறார். பாக்ஸ் ஒவ்வொரு தடவையும் அக்காவுக்கு ஆங்கிலத்தில் மெசேஜ் அனுப்பியிருக்கிறது. அவர் அதை லோன் விளம்பரம் என்று நினைத்து அழித்திருக்கிறார்.

மூன்றாவது காலை அக்காவே பிடுங்கி எடுத்தார். "ரூம்லாம் இல்ல சாமி. நாத்தங்கால்தான் இருக்கு, படுக்கறீங்களா?" கேட்டுவிட்டு அவரே சிரிக்கத் தொடங்கினார். ஊன்றுகோல் உருண்டு வாய்க்காலில் விழுந்தது. நானும் சிரித்தேன். அந்தோணி சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார், முடியவில்லை.

சிரித்து ஓய்ந்ததும் நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். பாக்ஸில் நம்பர் லாக் உண்டு. ஐந்து நம்பர்களைப் பதிந்துவிட்டால் மற்றவர்கள் கூப்பிட்டால் அசையாது. நான் பதியவில்லை. கஸ்டமர் தன் நம்பரை மாற்றினால் திரும்பக் கூப்பிடுவார், வெயிலில் இன்னொரு தடவை போக வேண்டும் என்பதால் எல்லாப் பாக்ஸையும் திறந்தே விட்டுக்கொண்டிருந்தேன். "தப்பு என்னுதுக்கா."

அக்கா தண்ணீரைப் பார்த்தார். "ரிலேன்னு சொன்னியே, அதுவும் பொய்யா?"

"பொய் இல்லக்கா. தெரியாம சொன்னது."

"சரி, பேண்டை மடிச்சுவிடு. அந்தோணி, நீயும் எறங்கு. வேடிக்கை பாத்தது போதும்."

அவர் நாற்காலியிலிருந்து கையை நீட்டி நீட்டிச் சொல்ல, நானும் அந்தோணியும் தெற்கு மூலையில் ஒதுங்கிய விதையை அள்ளி மறுபடி தெளித்தோம். நான் ஒரே இடத்தில் கொட்டினேன். "பரோட்டாவுக்கு மாவு தூவுறியா? வீசுடா தம்பி!" என்றார். சாயங்காலத்துக்குள் தண்ணீர் வடிந்தது. லாக் போட்டுவிட்டு வந்தேன்.

3. அதற்குப் பிறகு

நாற்று வழுக்கைத் தலை மாதிரி அங்கங்கே சொட்டையோடுதான் எழும்பியது. ஆனால் அவர் வயலுக்குப் போதுமான அளவு எழும்பியது. நட்டு முடித்தார். நிலம் அவரிடமே இருக்கிறது.

அந்த வாரமே நான் மாட்டிய மற்ற பாக்ஸுகளுக்கெல்லாம் போய் லாக் போட்டேன். "பெட்ரோல் யாரு தருவா?" என்றார் முதலாளி. நானே போட்டுக்கொண்டேன். இப்போது புது சிம் எதுவானாலும், பாக்ஸில் போடுவதற்கு முன் ஒரு வெள்ளி, ஒரு சனி என் போனில் கிடக்கும். யார் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டுக்கொள்வேன். போன மாதம் ஒரு சிம்முக்கு இரண்டு நாளும் பிறந்தநாள் கேக் ஆர்டர் வந்தது. அதை எந்த வயலிலும் போடவில்லை. காரணம் தெரியாதபோது "தெரியல, பாத்துச் சொல்றேன்" என்று சொல்லவும் பழகிவிட்டேன். ஒன்பதாம் வகுப்பில் இதைச் சொல்லியிருந்தால் வாத்தியாரிடம் அடியாவது குறைந்திருக்கும்.

நடவு முடிந்த மறுவாரம் நான் அக்கா வீட்டில் இருந்தபோது அந்தோணி வந்தார். வாசலிலேயே நின்று தலையைச் சொறிந்தார்.

"அண்ணி, அந்த அஞ்சு நம்பர்ல என்னோடதையும் சேத்துடச் சொல்லுங்களேன். நீங்க வேளாங்கண்ணி போற அன்னிக்கு நான் தண்ணி வைக்கிறேன்."

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்து, லாட்ஜ் மேனேஜர் குரலில் சொன்னார்:

"ரூம் ஃபுல்லுங்க. அடுத்த சனிக்கிழமை கூப்புட்டுப் பாருங்க."