கடலுக்குப் போட்ட உப்பு

திரியாயில் எங்களுக்குக் கொஞ்சம் வயல் இருந்தது. மாரியில் அங்கே போனால் காலில் அட்டை ஏறாமல் திரும்ப முடியாது. அம்மா அதன்மேல் ஒரு சிட்டிகை உப்பு வைப்பார். இரத்தம் குடித்துக் கொழுத்தது சுருண்டு விழும். ஆகவே ஏழு வயதில் அட்டையைப் பற்றிச் சகலமும் தெரியும் என்ற நினைப்பு எனக்கு.

அந்த வருடம்தான் சின்ன மாமா இறக்கக்கண்டியில் கடலட்டை பிடிக்கத் தொடங்கினார். அம்மாவின் கடைசித் தம்பி, எங்களோடுதான் இருந்தார். வீட்டில் யாரும் ‘கடல்’ என்று சேர்த்துச் சொல்வதில்லை. “தம்பி அட்டைக்குப் போயிட்டான்” என்பார் அம்மா, சந்தைக்குப் போனவரைச் சொல்வதுபோல. முதுகில் காற்றுச் சிலிண்டரோடு அத்தனை அட்டைகளுக்கு நடுவே இறங்குகிற மனிதர் பின்னேரம் வெளிறிப்போய் வந்து படுப்பார். அவருடைய இரத்தம் எங்கே போகிறது என்று எனக்கு மட்டும் விளங்கியிருந்தது.

ஒருநாள் காலையில் குசினிக்குள் புகுந்து உப்பை அள்ளி, சொப்பிங் பையில் கட்டி, மாமா கடலுக்குள் கொண்டுபோகும் வலைப்பைக்குள் வைத்துவிட்டேன்.

பின்னேரம் மாமா உப்புக் கரைந்துபோன அந்த வெறும் சொப்பிங் பையைத் தூக்கிக் காட்டிக்கொண்டே வந்தார். படகிலிருந்த எல்லோரும் சிரித்தார்களாம்.

“எடியேய், கடலுக்கே உப்புப் போட்டனியோ?”

“உங்கள அட்டை கடிக்கக்கூடாதெண்டுதான் மாமா.”

சிரிப்பை நிறுத்திவிட்டு என் தலையைத் தடவினார். கொண்டுவந்த வாளியிலிருந்து ஒரு கடலட்டையை எடுத்து என் கையில் வைத்தார்.

“இதுக்குப் பல்லே இல்லை. மண்ணை விழுங்கி, அதில இருக்கிற ஊத்தையைத் தின்னும். மண்ணைத் திருப்பி வெளியில விடும்.”

தொளதொளவென்று கிடந்தது, விரல் பட்டதும் விறைத்தது.

“அப்ப வயல் அட்டை உப்புக்குச் சாகுது, இது உப்புக்குள்ளயே கிடக்கு. எப்பிடி?”

“எனக்குத் தெரியாது பிள்ளை. படிச்சுப்போட்டு வந்து சொல்லு.”

பல்கலைக்கழகத்தின் முதலாம் ஆண்டு உயிரியல் வகுப்பில்தான் விடை கிடைத்தது. கடலட்டையின் உடல்நீரும் கடலளவு உப்பானது. வயல் அட்டையின் உடலிலுள்ள நீரையோ உப்பு வெளியே இழுத்துவிடும். இரண்டுக்கும் உறவே இல்லை, பெயர்தான் ஒன்று. பிடிக்கப் பிடிக்கக் கரையோரத்தில் கடலட்டைகள் அருகிவிடும், பிடிப்பவர்கள் மேலும் ஆழத்துக்குப் போவார்கள் என்றும் அங்கே படித்தேன். மாமாவும் அப்படித்தான் ஆழத்துக்குப் போயிருந்தார்.

நான் உப்பு வைத்த அன்று பின்னேரம், என்னோடு கதைத்துவிட்டுக் கதிரையில் இருந்தவரால் எழும்ப முடியவில்லை. “அக்கா, கால் விறைச்சுப்போச்சு, ஏலாது” என்றார். குளிர் பிடித்துவிட்டதென்று அம்மா எண்ணெய் தேய்த்தார். ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்தால், சுவாசித்த காற்றே இரத்தத்தில் குமிழ்களாகி நரம்புகளைக் கெடுக்கும் என்பது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. இன்றுவரை மாமா தடியில்லாமல் நடப்பதில்லை.

அன்று நான் அவருடைய இரண்டு கால்களையும் அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். கடிவாய் ஒன்றும் இல்லை. மாமா தப்பிவிட்டார் என்ற சந்தோஷத்தில் விளையாட ஓடினேன்.